சோலையும் கோயிலும்

கோயில் என்னும் தமிழ்ச் சொல்லுக்குத் தலைவனின் இல்லம் என்பதே பழம்பொருள் என்பர். கோ என்பது தலைவனைக் குறிக்கும். இல் என்பது வாழும் இடத்தைக் குறிக்கும். மன்னன் வாழ்ந்த மனையையும் இறைவன் உறையும் இடத்தையும் நம் முன்னோர் இவ்வொரு சொல்லாலேயே வழங்கினர். இரண்டிற்கும் பொதுவாக நிற்பது ‘இல்’ என்னும் பகுதி. உள்ளே ஒருவர் வாழ்தல் வேண்டும். அவருக்கு நாள்தோறும் நீரும் மலரும் விளக்கும் கொண்டு செல்வோர் இருத்தல் வேண்டும். அவ்விருவரும் இல்லாத இடம் எத்துணை அழகுடையதாயினும் கட்டடமே அன்றிக் கோயில் ஆகாது.

‘கா’ என்னும் ஓரெழுத்து ஒருமொழியும் இங்கு எண்ணத்தக்கது. சோலை என்பது அதன் பொருள். திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா, திருக்குரக்குக்கா, திருக்கோடிக்கா எனச் சோழநாட்டுச் சிவத்தலங்கள் ஐந்து சோலையின் பெயரையே தம் பெயராகக் கொண்டன. முதலில் இருந்தது சோலை. அச்சோலையின் ஒரு மரத்தடியில் இறைவனைக் கண்டனர். பின்னரே மதிலும் கோபுரமும் எழுந்தன. திருவானைக்காவில் வெண்ணாவல் மரம் இன்றும் தலமரமாகப் போற்றப்படுகின்றது. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்ததையே தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டனர். நம் மரபில் தோட்டம் கோயிலுக்காக உள்ளது. அங்கே பூக்கும் ஒவ்வொரு மலருக்கும் ஒரு வேலை உண்டு.

இதற்கு நேர்மாறாகத் தோட்டத்தின் அழகுக்காகவே கோயில்களைக் கட்டிய நாடும் ஒன்று உண்டு. அஃது இங்கிலாந்து.

மூலவர் இல்லாத கோயில்கள்

நான் இங்கிலாந்து சென்றவன் அல்லேன். ஆகுர்டியில் குடியிருந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு எண்ணிட்டுப் பொழுது போக்கும் எழுத்தன். என் மகள் கட்டடக்கலை பயில்கின்றாள். சென்ற ஆண்டு தேர்வுக்காக நூலகத்திலிருந்து ஒரு பெரிய படப் புத்தகத்தைக் கொணர்ந்து மேசை முழுவதும் பரப்பி வைத்திருந்தாள். மாலையில் வீடு திரும்பிய நான் அதனை எட்டிப் பார்த்தேன். பசும்புல் சரிவு, அசையாத ஏரி, அதன் கரையில் தூண்வரிசையுடன் ஒரு வெண்ணிறக் கோயில்.

“இதில் மூலவர் யார், அம்மா?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “மூலவரெல்லாம் இல்லை அப்பா. நடந்து போகும்போது பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று கட்டினார்கள். உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள்” என்றாள்.

அவ்விடை என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பி.ஏ. வகுப்பில் வரலாறு படித்தவனாதலின், பின்வந்த பல ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நூலையும், அதனை ஒத்த வேறு நூல்களையும் படித்தேன். அவற்றால் அறிந்ததைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பெருநிலக்கிழார்களின் மைந்தர்கள் கல்வி முடிந்தவுடன் இத்தாலி நாட்டிற்கு நெடும்பயணம் செல்வது வழக்கம். உரோமாபுரியைச் சுற்றிலும் சிதைந்து கிடந்த பழங்கோயில்களைக் கண்டு அவர்கள் மயங்கினர். குளோட் லொரேன் போன்ற ஓவியர்கள் அந்நிலக்காட்சிகளைத் தீட்டிய படங்களைப் பொன் கொடுத்து வாங்கினர். ஊர் திரும்பிய பின்னும் அந்நினைவு அவர்களை விடவில்லை. தாம் கண்ட நாட்டைத் தம் தோட்டத்திலேயே மீண்டும் காண விழைந்தனர். ஓடைகளை மறித்து ஏரிகளாக்கினர், குன்றுகளைச் செதுக்கினர், குறித்த இடங்களில் உரோமானியக் கோயில்களை எழுப்பினர்.

பக்கிங்காம்சயர் மாவட்டத்தில் உள்ள ஸ்டோ என்னும் தோட்டம் இவற்றுள் தலையாயது. அதன் தலைவர் காபம் பிரபுவின் குடும்பப் பெயரே டெம்பிள், அதாவது கோயில் என்பதாகும். அப்பெயரை வைத்துச் சொல்விளையாட்டாக, கோயில்களின் அழகைப் போற்றும் இலத்தீன் தொடர் ஒன்றையே அக்குடும்பத்தார் தம் விருதுமொழியாகக் கொண்டனர். வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் 1737ஆம் ஆண்டளவில் அங்கே பண்டை அறத்தின் கோயில் என்னும் வட்டக் கோயிலைக் கட்டினார். ஓமர், சாக்ரடீசு முதலிய நால்வரின் சிலைகள் அதனுள் நின்றன. அதன் அருகிலேயே இக்காலத்து அறத்தின் கோயில் என ஒன்றை இடிபாடாகவே கட்டி, தலையற்ற ஓர் உருவத்தை நிறுத்தினர். தமக்கு ஆகாத முதலமைச்சர் வால்போலை இகழ்வதற்காகச் செய்த கேலி அது. கோயில் கட்டி அரசியல் பேசியதில் நம்மவர்க்கு அவர் மூத்தவர் போலும்!

வில்ட்சயர் மாவட்டத்து ஸ்டவர்ஹெட் தோட்டம் இலண்டன் வங்கியாளர் ஒருவருடையது. இரண்டாம் ஹென்றி ஹோர் என்னும் அச்செல்வர் ஓடையை அணையிட்டு ஏரியாக்கி, அதைச் சுற்றி ஒரு நடைபாதை வகுத்தார். நடப்பவர் கண்ணுக்கு முதலில் மலர்த்தெய்வம் பிளோராவின் கோயில் தோன்றும். பிறகு 1753-54இல் எழுந்த பாந்தியன். பிறகு மேட்டின்மீது 1765இல் கட்டிய அப்போலோவின் கோயில். பாந்தியனுள் எர்குலிசு வீரனின் பெருஞ்சிலை உண்டு. சிலை உண்டு, பூசை இல்லை. ஏரியை வலம் வருவோர் உண்டு, வேண்டுவோர் இல்லை.

ஸ்டோவைப் பற்றிய செய்திகளுள் என்னை மிகவும் தைத்தது ஒன்று. அத்தோட்டம் அமைந்த இடத்தில் முன்பு ஸ்டோ என்னும் ஊர் இருந்தது. தோட்டம் விரிய விரிய ஊர் மறைந்தது. எஞ்சியது அவ்வூரின் மாதா கோயில் ஒன்றே. உண்மையில் வழிபாடு நடந்த அத்தேவாலயத்தை மரங்கள் சூழ்ந்து பார்வையிலிருந்து மறைத்து நிற்கின்றன. தெய்வம் குடியில்லாத கோயில்கள் ஏறத்தாழ நாற்பது நினைவுக் கட்டடங்களோடு கண்காட்சியாய் நிற்க, மக்கள் தொழுத கோயில் மரமறைவில் ஒதுங்கி நிற்கின்றது.

செல்வம் நிலையாது என்பதற்கு அத்தோட்டம் வேறு சான்று தேடவேண்டா. அவ்வழியில் வந்த பிரபு பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட கடனில் மூழ்கி, 1848இல் அம்மாளிகைப் பொருள்கள் நாற்பது நாள் ஏலம் போயின. 1923இல் மாளிகை ஒரு பள்ளிக்கூடமாயிற்று. ஸ்டவர்ஹெட்டின் கடைசி வாரிசான ஒரே மகன் முதல் உலகப்போரில் 1917இல் இறந்தான். முதிய பெற்றோர் 1946இல் அத்தோட்டத்தைத் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். இன்று பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் கண்டு மகிழ்கின்றனர். ஒரு தூண் சாய்ந்தாலும் நிமிர்த்துகின்றனர். எந்தக் கல்லை எந்த ஆண்டில் நட்டனர் என்பதை எழுதி வைக்கின்றனர். இந்த ஒழுங்கு நாம் கற்கத்தக்கது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

நம் கடற்கரையும் அவர் குன்றுகளும்

உரோமாபுரியைக் கண்டு வந்தவர் உரோமானியக் கோயில் கட்டினர். அங்ஙனமாயின் நம் நாட்டிற்கு வந்து பொருள் ஈட்டித் திரும்பியவர் எதனைக் கட்டினர்? இவ்வினாவை எழுப்பித் தேடியபோது கிடைத்த விடைகள் வியப்பூட்டின. அவர்கள் எழுப்பியவை எல்லாம் கோயில் வடிவின அல்ல. கோபுரமும் வாயிலும் உண்டு. ஆயினும் அதே தோட்டக் கட்டட மரபில் வந்தவையே.

இலண்டன் நகரின் தென்கிழக்கே ஷூட்டர்ஸ் குன்றில் முக்கோண வடிவில் ஒரு கோபுரம் நிற்கின்றது. செவன்ட்ரூக் கோட்டை என்று அதற்குப் பெயர். நம் இரத்னகிரி மாவட்டத்துக் கடலில் உள்ள சுவர்ணதுர்க்கம் என்னும் பெயரே ஆங்கில நாவில் அவ்வாறு உருமாறிற்று. 1755இல் மராட்டிய பேஷ்வாவும் கும்பினியாரும் உடன்பட்டுத் துளாஜி ஆங்கரேயை எதிர்த்தபோது, அத்தீவுக் கோட்டையைப் பிடித்தவர் வில்லியம் ஜேம்ஸ். அவர் மறைந்தபின் 1784இல் அவர் மனைவி கணவன் நினைவாக அக்கோபுரத்தை எழுப்பினார். அந்தப் பேஷ்வா வேறு யாரும் அல்லர். புணே பர்வதி மலைக்கோயிலைக் கட்டிய நானாசாகேப்பே. அவரைப் பற்றிப் பின்னும் பேச வேண்டியுள்ளது.

டெவன் மாவட்டத்து எக்சிட்டர் நகர் அருகே ஹால்டன் குன்றில் இன்னொரு முக்கோணக் கோபுரம் உண்டு. அதனை 1788இல் கட்டியவர் இராபர்ட் பாக். கிறித்தவச் சமயகுருவாகச் சோழமண்டலக் கரைக்கு வந்து, 1763 முதல் 1767 வரை சென்னையின் கவர்னராய் விளங்கியவர். தமிழகத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிரிக்கும் பாக் நீரிணை இவர் பெயரையே தாங்கியது. தம் நண்பர் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சின் நினைவாக இவர் எழுப்பிய அக்கோபுரத்துள், லாரன்ஸ் உரோமானியத் தளபதியின் உடையில் சிலையாய் நிற்கின்றார்.

அவர் உரோமில் பெற்ற வெற்றி எதுவும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் பெற்ற வெற்றியே அது. 1752இல் பிரெஞ்சுப் படை திருவானைக்காக் கோயிலையும் அதன் கூட்டாளியான சந்தா சாகிபின் படை திருவரங்கக் கோயிலையும் பாசறையாக்கிக் கொண்டன. அவ்வாண்டு சூன் திங்களில் பிரெஞ்சுப் படை லாரன்சிடம் சரணடைந்தது. வெண்ணாவல் நிழலில் ஓங்கிய நம் சோலைக்கோயில் வெடிமருந்து அடுக்கும் இடமாயிருந்த அந்நாள்களின் நினைவே, டெவன் குன்றில் வெண்கோபுரமாய் நிற்கின்றது என்று எண்ணுங்கால் நெஞ்சு சற்றே கனக்கின்றது.

ஸ்காத்லாந்தின் வடபகுதியில் ஃபைரிஷ் என்னும் குன்றின் உச்சியில் கல்வளைவுகள் வரிசையாய் நிற்கின்றன. அவை நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயல் என்கின்றனர். 1781இல் ஒல்லாந்தரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய ஹெக்டர் மன்றோ தம் சொந்த மண்ணில் அமைத்தது அது. வறுமையுற்றிருந்த அவ்வூர் மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றே அதனைக் கட்டுவித்தார் என்றும், வேலை நீளுவதற்காக மேலேற்றிய கற்களைத் தாமே உருட்டிவிடுவார் என்றும் அவ்வூரில் கதை வழங்குகின்றது. நாகப்பட்டினத்தைக் காணாத ஆயர்கள் நாகப்பட்டினத்து வாயிலின் கீழ் ஆடு மேய்த்திருப்பர்!

இவ்வரிசையில் ஒன்று மட்டும் நேராகவே நம் கோயிலைத் தோட்டத்தில் கொண்டு நிறுத்தியது. குளோஸ்டர்சயர் மாவட்டத்தில் செசின்கோட் என்னும் மாளிகையைக் கும்பினிப் பணியில் பொருளீட்டிய சார்லஸ் காக்கரலுக்காக அவர் உடன்பிறந்தாரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயச் சாயலில் அமைத்தார். தோட்டத்திற்கு வழி கூறியவர் ஓவியர் தாமஸ் டேனியல். இவர் 1792இல் தம் அண்ணன் மகனுடன் தமிழகம் முழுதும் சுற்றி மதுரை, தஞ்சை, மாமல்லபுரம் ஆகியவற்றை வரைந்தவர். அத்தோட்டத்தில் ஒரு குளம், குளக்கரையில் சூரியனுக்கு ஒரு சிறு கோயில், பாலத்தின்மீது நந்திகள் ஆகிய அனைத்தும் உள்ளன. நந்தி பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் சிவபெருமான் மட்டும் இல்லை.

சென்னையில் நின்ற கிரேக்கக் கோயில்

அவர்கள் நம் கோயிலை அங்கே கொண்டு சென்றது போலவே, தம் தோட்டக் கோயிலை இங்கேயும் கொணர்ந்தனர். சென்னை அண்ணா சாலையை அடுத்துள்ள இராஜாஜி மண்டபத்தை அறியாத தமிழர் இரார். கவர்னர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்காம் 1802இல் முடித்த கட்டடம் அது. கவர்னரின் தோட்ட மாளிகையை அடுத்து, உயர்ந்த மேடைமீது, நெடிய படிக்கட்டுடன், கிரேக்கக் கோயில் வடிவில் அதனை அமைத்தனர். பிளாசியிலும் சீரங்கப்பட்டணத்திலும் பெற்ற வெற்றிகளைக் கொண்டாடுவதும் விருந்தும் நடனமும் நிகழ்த்துவதுமே அதன் நோக்கம்.

காலம் அக்கட்டடத்திற்கு வேறொரு பணியைத் தந்தது. 1969இல் அறிஞர் அண்ணாவின் உடல் அங்கே வைக்கப்பட்டிருந்தது, 1987இல் எம்.ஜி.ஆர்.; 2016இல் ஜெயலலிதா; 2018இல் கலைஞர் கருணாநிதி. அப்படிகளின் கீழே இலட்சக்கணக்கான மக்கள் நின்று கதறினர். வெள்ளையர் வெற்றிவிழாவுக்காக உயர்த்திய மேடை, தமிழர் தம் தலைவர்களுக்கு விடைகொடுக்கும் மேடையாயிற்று. தூண்கள் மாறவில்லை, அங்கே வருவோரின் தேவை மாறியது. ஓர் இடத்திற்கு உயிர் தருவது அதன் வடிவம் அன்று, அங்கே மக்களுக்குள்ள கடமையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஏரியை இழந்த கணபதி

நாம் வாழும் இப்புணே நகரிலேயே தோட்டத்துக் கோயில் ஒன்று உண்டு. முன்னர்க் குறித்த நானாசாகேப் பேஷ்வா 1750களில் பர்வதி மலையடிவாரத்தில் ஓர் ஏரியை வெட்டுவித்தார். நடுவே ஒரு தீவை விட்டு அதில் சோலை அமைத்தார். அதுவே சாரஸ் பாக். நீர்நடுவே தீவு, தீவில் தோட்டம் என்னும் அளவில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஸ்டவர்ஹெட் வங்கியாளர் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. ஆயினும் சவாய் மாதவராவ் பேஷ்வாவின் காலத்தில் 1784இல் அத்தீவில் கணபதியை எழுந்தருளச் செய்தனர். ‘ஏரிக்குள் இருக்கும் கணபதி’ என்று பொருள்படும்படி மராட்டியர் அவரை இன்றும் அழைக்கின்றனர்.

ஏரி இன்று இல்லை. அது வற்றித் தூர்ந்து, அவ்விடம் நகராட்சியின் பூங்காவாயிற்று. பேஷ்வாக்களின் ஆட்சியும் 1818இல் முடிந்தது. ஏரியும் போய் அரசும் போன பின்னும் ‘ஏரிக்குள் இருக்கும் கணபதி’ என்னும் பெயர் மட்டும் போகவில்லை. சுவார்கேட்டில் இறங்கி நடந்தால் கூட்டம் நம்மைத் தானே கொண்டு சேர்க்கும். மார்கழி, தைக் குளிரில் அக்கணபதிக்குக் கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிவிக்கும் வழக்கம் உண்டு. முதன்முறை கண்டபோது என் இல்லத்தரசி, “அவருக்கும் குளிரும் அல்லவா?” என்று மிக இயல்பாகச் சொன்னாள். கோயில் என்பது யாது என்று நான் மேலே இவ்வளவு நேரம் விளக்கியதை அவள் மூன்று சொற்களில் முடித்துவிட்டாள். உள்ளே இருப்பவர்க்குக் குளிருமே என்று கவலைப்படும் ஓர் உள்ளம் இருக்கும்வரை ஏரி வற்றினாலும் கோயில் வற்றாது.

மதுரை வண்டியூர்த் தெப்பக்குளமும் இத்தகையதே. திருமலை நாயக்கர் 1645இல் அமைத்த அக்குளத்தின் நடுவே மரங்கள் சூழ நீராழி மண்டபம் நிற்கின்றது. குளம் வறண்டு சிறுவர் பந்தாடிய ஆண்டுகள் பல உண்டு. அவ்வாண்டுகளிலும் தைப்பூசத்தன்று மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் எழுந்தருளத் தவறவில்லை. தண்ணீர் இல்லையெனில் நிலைத்தெப்பம் என்று விழா நடந்தேறியது. ஆங்கிலேயரின் ஏரிகளில் நீர் என்றும் குறைந்ததில்லை. ஆனால் அவ்வேரியைக் காண எழுந்தருள வேண்டிய தெய்வம் அங்கே இல்லை.

எங்கள் ஊர்ச் சோலையில்

இதுகாறும் கூறியவற்றால் நம்மை உயர்த்தி அவர்களைத் தாழ்த்த விழைகின்றேன் என்று அன்பர்கள் கருதலாகாது. எனக்கு அச்சம் தருவது வேறொன்று. நாமும் நம் ஊர்க்கோயில்களை மெல்ல மெல்ல ஸ்டோவின் கோயில்களாக மாற்றி வருகின்றோமோ என்பதே அது.

அரசலாற்றங்கரையில் எங்கள் சிற்றூரின் எல்லையில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. கோயில் என்பது ஓர் அறையளவே. அதைச் சுற்றிய நந்தவனமே பெரிது. நந்தியாவட்டை, அரளி, பவளமல்லி, வில்வம், ஒரு கிணறு. என் பாட்டனார் காலந்தொட்டு ஒரு விளக்கும் ஒரு மாலையும் எங்கள் குடும்பத்தின் பொறுப்பு. நீர் இறைத்துப் பூப்பறித்து விளக்கேற்றி வந்த பண்டாரத் தாத்தா இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். அவர் பிள்ளைகள் திருப்பூரில் வேலை பார்க்கின்றனர். எங்கள் பங்காளிகளோ புணே, பெங்களூர், சென்னை, சிங்கப்பூர் எனச் சிதறி வாழ்கின்றனர்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் மிக நல்லவர்; ஊர்ப்பற்று மிக்கவர். கோயிலின் முன் கருங்கல் மண்டபம் ஒன்று கட்டி, முன்னோர் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறித்து, நந்தவனத்தைப் புல்வெளியாக்கி, விளக்குக் கம்பங்கள் நட வேண்டும் என்று ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். “தம்பி, பிள்ளைகள் ஊருக்கு வந்தால் பார்க்கும்படியாக ஏதேனும் இருக்க வேண்டாமா?” என்று தொலைபேசியில் கேட்டார். வரைபடம் அழகாகவே இருந்தது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, தன் புத்தகத்தில் உள்ள ஒரு படத்தைத் திறந்து அருகில் வைத்தாள். இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அன்றிரவு அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். தொலைபேசியில் மூத்தோரிடம் மறுத்துப் பேசுதல் எளிதன்று. கடிதத்தில் பணிவும் உறுதியும் ஒருங்கே இயலும். “அண்ணா, மண்டபம் எழுந்தால் நாம் ஆண்டுக்கு ஒருமுறை சென்று காண்போம். மற்றை நாள்களில் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவது யார்? மாலை தொடுக்கப் பூ எங்கிருந்து வரும்? கல்லில் பொறிக்கும் நம் பாட்டனார் பெயர், அவர் நட்ட பவளமல்லியை வெட்டிய இடத்தில் நிற்க வேண்டுமா? பண்டாரத் தாத்தாவின் தங்கை மகள் அவ்வூரிலேயே இருக்கின்றாள். மாதந்தோறும் அவளுக்கு ஒரு தொகை கொடுத்துத் தோட்டத்தையும் விளக்கையும் ஒப்படைப்போம். என் பங்கை இம்மாதமே அனுப்புகின்றேன்” என்பது அதன் சுருக்கம்.

எல்லாரும் அதை ஏற்றனர் என்று சொல்ல இயலவில்லை. பெண் ஒருத்தி விளக்கேற்றுவதா என்று சிலர் தயங்கினர். மாதச் செலவு முடிவில்லாதது, மண்டபமோ ஒருமுறைச் செலவு என்று கணக்குரைத்தனர் சிலர். கணக்கில் அவர் சொன்னது சரியே. ஆனால் முடிவில்லாத செலவு என்பதுதானே குடும்பம் நடத்துதல்? வீட்டில் உள்ளவர்க்கு ஒருமுறை சோறிட்டு முடித்துவிடுகின்றோமா? இறுதியில் மண்டபம் எழுந்தது. ஆனால் அளவில் சிறிதாக, கிணற்றையும் செடிகளையும் விட்டு ஒதுங்கி. மூன்று குடும்பங்கள் விளக்குப் பொறுப்பை ஏற்றோம். ஏனையோரும் ஏற்பர் என்னும் நம்பிக்கை எனக்கு உண்டு. அண்ணன் இன்னும் என்னோடு சற்றுக் குறைவாகவே பேசுகின்றார் என்பதும் உண்டு.

பெயர்ந்து வாழ்வோர்க்கு

ஊர்விட்டு வந்தவர்க்கு ஊர் காட்சியாகிவிடும் என்பது இயற்கை. இத்தாலியைக் கண்டு திரும்பிய பிரபுவுக்கு அது நேர்ந்தது. நாகப்பட்டினத்தை வென்று திரும்பிய மன்றோவுக்கும் நேர்ந்தது. நமக்கும் அது நேர்கின்றது. நம் பிள்ளைகள் ஆகுர்டியிலும் நிக்டியிலும் பிறந்தவர்கள். மராட்டியில் விளையாடி, ஆங்கிலத்தில் படித்து, தமிழில் நம்மோடு உண்பவர்கள். கோடை விடுமுறையில் ஊர்க்கோயில் முன் நின்று அவர்கள் எடுக்கும் படங்கள் நம் கைப்பேசிகளில் நிறைந்துள்ளன. அழகிய படங்கள்தாம். ஆனால் அப்படங்களில் உள்ள கோயிலில் அவர்களுக்கு என்ன வேலை இருந்தது?

நாம் வாழும் ஆகுர்டியே இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. துக்காராம் மகாராஜின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு தேஹுவை விட்டுப் பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டால், வழியில் முதலில் தங்குவது நம் ஆகுர்டி விட்டல் கோயிலில்தான். 1685இல் அவர் மகன் தொடங்கிய வழக்கம் இது. அன்றிரவு இவ்வூரார்க்கு ஓய்வில்லை. தண்ணீர் கொடுப்பவர், மாவு பிசைபவர், நடந்து வந்தோரின் கால்களுக்கு எண்ணெய் தடவுபவர் என ஆளுக்கொரு பணி. பிறந்த ஊர் எதுவாயினும் அங்கே சென்று நின்றவர்க்கு ஒரு வேலை கிடைத்துவிடுகின்றது. தமிழ்க் குடும்பங்கள் சிலவும் குடிநீர்ப் பந்தலில் நிற்பதைக் கண்டிருக்கின்றேன். அப்பந்தலில் குவளை ஏந்திய சிறுவனுக்கு விட்டல் கோயில் இனி ஒருநாளும் வெறும் காட்சியாகாது.

ஆதலின் அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. கோயில் வாசலில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்குமுன், அவர்கள் கையில் ஒரு வாளியைக் கொடுங்கள். கிணற்றில் நீர் சேந்தி நான்கு செடிகளுக்கு ஊற்றட்டும். உதிர்ந்த பவளமல்லியைப் பொறுக்கி ஒரு முழம் தொடுக்கப் பழகட்டும். திரியில் எண்ணெய் வார்த்து விளக்கை அவர்களே ஏற்றட்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது, “நாளைக்கு இந்த விளக்கை யார் ஏற்றுவார்?” என்று அப்பிள்ளை கேட்குமாயின், விடையை நாம் முன்னரே ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.